புதன்கிழமையே நிரம்பிவிட்ட டைம்ஷீட்

வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்க அரசு ஒப்பந்தங்களும் கணக்கும்

அமெரிக்க மத்திய அரசுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்களின் கணக்கு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: ஆடிட்டர் வந்தால் என்ன ஆகும்? 22 வருஷமாக வர்ஜீனியாவில் இந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆடிட்டருக்கு எதிர் நாற்காலியில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

“எங்களுடையது மூன்றே பேர் கொண்ட சென்சார் ஆராய்ச்சி நிறுவனம். சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு நிதி தரும் எஸ்பிஐஆர் திட்டத்தில் முதல் கட்டம் முடித்துவிட்டோம். பாதுகாப்புத் துறையின் இரண்டாம் கட்ட ஒப்பந்தம் கைக்கு வரும் நிலையில் இருக்கிறது. அதற்கு முன் எங்கள் கணக்கு முறையை டிசிஏஏ பார்க்க வேண்டுமாம். இதுவரை குவிக்புக்ஸில்தான் எழுதிவருகிறோம். ‘டிசிஏஏ அங்கீகாரம் பெற்றது’ என்று சொல்லி ஒருவர் ஒரு மென்பொருளுக்குப் பெரிய விலை கேட்கிறார். வாங்கியே ஆக வேண்டுமா மேடம்?” – வாசகி, மேரிலாந்து

அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். டிசிஏஏ என்கிற பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமை 1965-இல் தொடங்கப்பட்டது. அது எந்த மென்பொருளுக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. உங்கள் நிறுவனம் கணக்கை எப்படி நடத்துகிறது என்பதைத்தான் பார்க்கும். குவிக்புக்ஸை ஒழுங்காக அமைத்துக்கொண்டு தேறிய நிறுவனங்களும் உண்டு, விலையுயர்ந்த மென்பொருளை வாங்கிவைத்துக்கொண்டு தேறாமல் போனவையும் உண்டு.

முதல் கட்டத்தில் ஏன் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அது பெரும்பாலும் நிலையான விலை ஒப்பந்தம். பேசிய தொகைக்குப் பேசிய வேலை, அவ்வளவுதான். இரண்டாம் கட்டம் செலவை ஈடுகட்டும் வகையாக இருந்தால் கதை வேறு. உங்கள் செலவை அரசே ஏற்றுக்கொண்டு அதற்கு மேல் ஒரு கட்டணமும் தருகிறது. அப்படியானால் அந்தச் செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்க அதற்கு உரிமை உண்டு இல்லையா?

கேட்கும் கேள்விகள் எஸ்எஃப் 1408 என்ற படிவத்தில் இருக்கின்றன. இன்றைக்கே அதை எடுத்துப் படியுங்கள், சின்னப் படிவம்தான். ஒரு ஒப்பந்தத்துக்கென்றே ஆகும் நேரடிச் செலவும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆகும் மறைமுகச் செலவும் தனித்தனியாக இருக்கின்றனவா? நேரடிச் செலவு ஒப்பந்தவாரியாகச் சேர்கிறதா? மறைமுகச் செலவை எல்லா ஒப்பந்தங்களுக்கும் ஒரே முறையில், நியாயமாகப் பங்கிடுகிறீர்களா? யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று தெரிகிறதா? மாதம் ஒருமுறையாவது கணக்கை முடித்துப் பார்க்கிறீர்களா? அரசு ஏற்காத செலவுகளை ஒதுக்கி வைக்கிறீர்களா? சாரம் இதுதான்.

குவிக்புக்ஸில் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு ஜாப் திறங்கள். கணக்குத் தலைப்புகளை ஐந்து குடும்பங்களாகப் பிரியுங்கள்: நேரடிச் செலவு, ஊழியர் சலுகைகள், ஓவர்ஹெட் (வாடகை, காப்பீடு போன்ற பொதுச் செலவு), பொது நிர்வாகம், அரசு ஏற்க முடியாதவை. கடைசிக் குடும்பம் இல்லாத கணக்கைப் பார்த்தால் ஆடிட்டருக்கு உடனே சந்தேகம் வரும், ஏனென்றால் எந்த நிறுவனத்திலும் அப்படிச் செலவு இல்லாமல் இருக்காது.

அப்புறம் ஒரு ஒத்திகை. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரையும் இதைச் செய்ய வைப்பேன். நீங்கள் அனுப்பிய ஏதாவது ஒரு இன்வாய்ஸை எடுத்து, அதில் உழைப்புக் கூலி என்று போட்டிருக்கும் தொகையின் மேல் விரலை வையுங்கள். அந்த எண் ஜாப் கணக்கில் எந்த வரியில் இருக்கிறது? அந்த வரி சம்பளப் பட்டியலோடு பொருந்துகிறதா? அந்தச் சம்பளம் எந்த டைம்ஷீட்டிலிருந்து வந்தது, அதில் யார் கையெழுத்து இருக்கிறது? விரலை எடுக்காமல் இன்வாய்ஸிலிருந்து டைம்ஷீட் வரை போய்ச் சேர முடிந்தால் நீங்கள் தயார். நடுவில் எங்கேயாவது “இது எங்கள் அக்கவுண்டண்டுக்குத்தான் தெரியும்” என்று சொல்ல வேண்டி வந்தால், அந்த இடத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று. மூன்று பேர் நிறுவனம் என்கிறீர்கள், அந்த மூவரில் ஒருவர் நீங்கள். உரிமையாளரும் டைம்ஷீட் எழுத வேண்டும். “எனக்கு நானே எதற்கு எழுதுவது” என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். காலையில் ஆராய்ச்சி, மதியம் அடுத்த திட்டத்துக்கான முன்மொழிவு, சாயங்காலம் வங்கி வேலை என்று உங்கள் ஒரு நாள் மூன்று தலைப்புகளில் விழுகிறது. அதைப் பிரித்து எழுத உங்களைத் தவிர யாராலும் முடியாது.

“எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சேர்த்து டைம்ஷீட் போடுவோம். புதிதாக வந்த மேலாளர் தினமும் போடச் சொல்கிறார். ஒரே வேலையைத்தானே செய்கிறோம், இவ்வளவு கெடுபிடி எதற்கு?” – வாசகர், அலபாமா

உங்கள் மேலாளர் சொல்வது சரி. ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில், புதன்கிழமை காலை 11 மணி வாக்கில், டிசிஏஏ ஆடிட்டர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். ஃப்ளோர் செக் என்பார்கள். ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்களா, எழுதியிருக்கும் வேலையைத்தான் செய்கிறார்களா என்று நேரில் பார்ப்பது. நானும் கூடவே போனேன். ஒரு பொறியாளரின் மேஜை அருகே நின்று அந்த ஆடிட்டர் அம்மா மெதுவாகக் கேட்டார்: இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள்? அதை எந்த ஒப்பந்தக் கணக்கு எண்ணில் எழுதுகிறீர்கள்? அந்த எண்ணை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? மூன்றுக்கும் அந்தப் பையன் தடுமாறாமல் பதில் சொன்னான். “சரி, இந்த வாரத்து டைம்ஷீட்டைக் காட்டுங்கள்” என்றார்.

திரையில் வந்தது. திங்கள் 8, செவ்வாய் 8, புதன் 8, வியாழன் 8, வெள்ளி 8.

யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆடிட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை மறந்துவிடுவேன் என்று முன்னாலேயே போட்டுவிட்டேன்” என்றான் அவன். அது உண்மைதான். மூன்று மாதமாக அவன் அந்த ஒப்பந்தத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. ஆனால் நடக்காத வேலைக்கு மணிக்கணக்கு எழுத முடிகிற முறை என்றால், நடந்ததாக எழுதிய மணிகளை மட்டும் எப்படி நம்புவது? அந்த ஒரு கேள்வியால் அங்கே எல்லோருடைய பழைய டைம்ஷீட்களும் வெளியே வந்தன. கடிதம், பதில், மறு கடிதம் என்று அது முடிய ஏழு மாதம் ஆனது. அந்தப் பையனின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

முன்னால் எழுதுவது தப்பு என்றால், ஐந்து நாள் கழித்து எழுதுவதும் அதற்குப் பக்கத்து வீடுதான். திங்கட்கிழமை மதியம் என்ன செய்தோம் என்று வெள்ளிக்கிழமை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எட்டு என்று போட்டுவிடுவோம். அன்றன்று எழுதுங்கள், நீங்களே எழுதுங்கள், உங்கள் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். தப்பாக எழுதிவிட்டால் பழையது தெரியும்படி விட்டு, புதியதைப் போட்டு, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். காகிதத்தில் எழுதுகிறவர்கள் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். வெள்ளை மை பூசிய டைம்ஷீட்டைப் போல ஆடிட்டரின் கண்ணை இழுக்கிற பொருள் வேறு இல்லை.

“நான் மாதச் சம்பளக்காரன். வாரம் 50 மணி நேரம் உழைத்தாலும் 40 மட்டும் எழுதினால் போதும் என்கிறார்கள். அதிக நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லையே?” – வாசகர், டெக்சாஸ்

அரசுக்கு நஷ்டம் வரலாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வாரச் சம்பளம் 2,000 டாலர் என்று வையுங்கள். பகலில் 40 மணி நேரம் ஓர் அரசு ஒப்பந்தம். இரவில் 10 மணி நேரம் அடுத்த டெண்டருக்கான முன்மொழிவு. 40 மட்டும் எழுதினால் 2,000 டாலரும் அந்த ஒப்பந்தத்தின் தலையில் விழுகிறது. 50-ஐயும் எழுதினால் மணிக்கு 40 டாலர் ஆகிறது. ஒப்பந்தத்துக்கு 1,600, முன்மொழிவுச் செலவுக்கு 400. செலவை ஈடுகட்டும் ஒப்பந்தமாக இருந்தால், எழுதாமல் விட்ட பத்து மணியால் அந்த 400 டாலரையும் அதே ஒப்பந்தம் சுமக்கிறது. அதனால்தான், சம்பளம் உண்டோ இல்லையோ, உழைத்த எல்லா மணிகளையும் எழுதச் சொல்கிறார்கள்.

“எங்கள் வருமான வரிக் கணக்காளர் சரி என்று சொன்ன செலவுகளை அரசு ஒப்பந்த ஆடிட்டர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?” – வாசகர், நியூ ஜெர்சி

இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். வரிச் சட்டம் வேறு, ஃபார் வேறு. ஃபார் என்பது மத்திய அரசின் கொள்முதல் விதித்தொகுப்பு, 1984 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் 31-ஆம் பகுதி, எந்தச் செலவை அரசின் கணக்கில் சேர்க்கலாம், எதைக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது.

சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கி வட்டியில்தான் மாட்டிக்கொள்கின்றன. சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறீர்கள். வரிக் கணக்கில் அது செலவு. அரசு ஒப்பந்தக் கணக்கில் அது ஏற்க முடியாத செலவு. அதேபோலத்தான் நன்கொடை. கோயில் கட்டக் கொடுத்தாலும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாலும் ஓவர்ஹெடில் சேர்க்கக் கூடாது. மது, கேளிக்கை, அபராதம், வாராக் கடன் ஆகியவையும் கூடாது. ஊழியர்களோடு வேலை விஷயமாக ஒரு மதிய உணவு சாப்பிட்டு, பில்லில் இரண்டு கிளாஸ் ஒயினும் இருந்தால், பில்லை இரண்டாகப் பிரியுங்கள். ஒயினும் அதற்குரிய வரியும் டிப்ஸும் ‘ஏற்க முடியாதவை’ தலைப்புக்குப் போகட்டும். பயணத்தில் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் அரசு ஊருக்கு ஊர் நிர்ணயித்திருக்கும் வரம்பு உண்டு, அதற்கு மேல் போனது உங்கள் கைக்காசு.

இது ஏதோ சில்லறை விஷயம் என்று நினைக்க வேண்டாம். வருஷ முடிவில் நீங்கள் கொடுக்கும் மறைமுகச் செலவுக் கணக்கோடு, ஏற்க முடியாத செலவு எதுவும் இதில் இல்லை என்று ஒரு சான்றிதழிலும் நிறுவனத்தின் மேல்நிலைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கூடாது என்று விதியில் வெளிப்படையாக எழுதியிருக்கும் செலவைச் சேர்த்துவிட்டால், பெரிய ஒப்பந்தங்களில் அந்தத் தொகையை வெட்டுவதோடு அதே அளவு அபராதமும் வட்டியும் சேரும். அந்த இரண்டு கிளாஸைப் பிரிக்க ஆகும் நேரம் அரை நிமிடம்.

“அரசு ஒப்பந்தம் பெறுவதற்கான சாம் தளப் பதிவைப் புதுப்பிக்கச் சில நூறு டாலர் கட்டச் சொல்லி, அரசுக் கடிதம் போலவே ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கட்டலாமா?” – வாசகி, கலிஃபோர்னியா

கட்டாதீர்கள். பதிவும் இலவசம், வருஷா வருஷம் புதுப்பிப்பதும் இலவசம். 2022 ஏப்ரலிலிருந்து நிறுவனத்தின் அடையாளமாக இருந்த பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்த யூஇஐ எண்ணும் இலவசம்தான். நேராக அரசின் சாம் தளத்துக்குப் போய் நீங்களே செய்துகொள்ளுங்கள்.

“பழைய ரசீதுகளை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும்தானே?” – வாசகர், ஒஹாயோ

மூன்று வருஷம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் எப்போதிலிருந்து என்பதில்தான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ரசீதின் தேதியிலிருந்து இல்லை, அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பணம் வந்த நாளிலிருந்து. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றால் முதல் வருஷத்து ரசீது எட்டு வருஷத்துக்கு மேலும் உங்கள் அலமாரியில் இருக்க வேண்டி வரும்.

“எங்கள் ஓவர்ஹெட் விகிதம் 50 சதவீதம் என்று வைத்து இன்வாய்ஸ் போடுகிறோம். ஜூனில் ஒரு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வேறு எதுவும் மாறவில்லை. ஆனாலும் கையில் பணம் நிற்கவில்லை. எங்கே தப்பு?” – வாசகர், வர்ஜீனியா

வேறு எதுவும் மாறவில்லை என்கிறீர்களே, விஷயமே அதுதான். வருஷத்துக்கு ஓவர்ஹெட் 150,000 டாலர், நேரடிச் சம்பளம் 300,000 டாலர் என்று கணித்திருப்பீர்கள். பாதி, அதாவது 50 சதவீதம். ஒப்பந்தம் போனதால் நேரடிச் சம்பளம் 200,000-க்கு இறங்குகிறது. வாடகையும் காப்பீடும் அப்படியே இருப்பதால் ஓவர்ஹெட் 150,000-லேயே நிற்கிறது. இப்போது விகிதம் 75 சதவீதம். 100 டாலர் சம்பளத்துக்கு 175 டாலர் செலவாக, நீங்கள் 150 கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்வாய்ஸில் போடுவது தற்காலிக விகிதம்தான். மாதா மாதம் உண்மை விகிதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதானால் தற்காலிக விகிதத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் இறுதி விகிதங்களுக்கான கணக்கைக் கொடுக்க வேண்டும். டிசம்பரில் ஆண்டை முடிப்பவர்களுக்கு ஜூன் 30. தவறவிட்டால் ஒப்பந்த அதிகாரி தானாகவே ஒரு விகிதத்தை முடிவு செய்துவிடலாம், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விகிதம் ஏறும்போது ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய நிதி சீக்கிரம் தீரும். செலவை ஈடுகட்டும் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு ஷரத்து இருக்கும். அடுத்த 60 நாளுக்குள் செலவு ஒதுக்கீட்டின் 75 சதவீதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு மேல் ஆன செலவை அரசு தர வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல வேலை செய்தும் இந்த ஒரு கடிதத்தை எழுதாமல் விட்டுக் கைப்பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை இன்று இரவே தேடிப் படியுங்கள்.

“சுகாதாரத் துறைக்கான ஒரு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். இரண்டு வாரமாக எனக்கு வேலையே இல்லை. ஆனால் வேறொரு ஒப்பந்த எண்ணைக் கொடுத்து, அதில் 80 மணி நேரம் எழுதச் சொல்கிறார் மேலாளர். அந்த ஒப்பந்தத்தை நான் பார்த்ததுகூட இல்லை. விசாவில் இருக்கிறேன், வேலை போனால் குடும்பமே திரும்பிப் போக வேண்டியதுதான். எழுதிவிடலாமா?” – பெயர் வேண்டாம்

தம்பி, எழுதாதீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அதனால்தான் இதை நீட்டியே எழுதுகிறேன்.

வேலை இல்லாத நேரத்துக்கு என்று மறைமுகச் செலவில் தனி எண் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு வழி உண்டு. அதில் எழுதினால் ஓவர்ஹெட் ஏறும், மேலாளரின் விகிதம் கெடும். அதற்காக உங்கள் கையால் பொய் எழுதச் சொல்கிறார். இதற்கென்றே இருப்பது பொய்க் கோரிக்கைச் சட்டம். உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்தவர்கள் ஏமாற்றியதால் 1863-இல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் வந்தது, இன்றும் கூர்மையாக இருக்கிறது. அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்கும் அபராதமும் விதிக்கலாம். தெரிந்தே செய்தது மட்டுமல்ல, தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடிக்கொண்டதும் அதில் அடங்கும். டைம்ஷீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. பின்னால் கேட்கும்போது “அவர் சொன்னார்” என்பதற்குச் சாட்சி இருக்காது.

முதலில் இது புரியாமல் வந்த உத்தரவா என்று பாருங்கள். சில மேலாளர்களுக்கு நிஜமாகவே விதி தெரியாது. பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “இந்த இரண்டு வாரம் எனக்கு ஒப்பந்த வேலை ஒதுக்கப்படவில்லை. இந்த மணிகளை எந்த மறைமுக எண்ணில் எழுத வேண்டும்?” அவ்வளவுதான், குற்றம் சாட்டவே வேண்டாம். இந்த ஒரு வரிக்கே வழிக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பந்தத்தில் கொஞ்சம் வேலை தந்தால் செய்யுங்கள், செய்த மணியை மட்டும் அதில் எழுதுங்கள்.

அப்படியும் வற்புறுத்தினால், நிறுவனத்தில் விதிகளைக் கண்காணிக்கும் இணக்கப் பொறுப்பாளரோ ஹாட்லைனோ இருந்தால் அங்கே சொல்லுங்கள். இல்லையென்றால் துறையின் முறைகேடுகளை விசாரிக்கும் சுகாதாரத் துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் புகாரை வாங்கிக்கொள்ளும். இப்படிப் புகார் சொன்ன ஒப்பந்த ஊழியரைப் பழிவாங்குவதை அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 41-ஆம் தலைப்பின் 4712-ஆம் பிரிவு தடை செய்கிறது. துணை ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியருக்கும் அது பொருந்தும். பழிவாங்கினால் மூன்று வருஷத்துக்குள் முறையிடலாம். ஆனால் விசாவும் சேர்ந்திருப்பதால், அடுத்த அடி வைப்பதற்கு முன் ஊழியர் தரப்பு வழக்கறிஞர் ஒருவரையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் பாருங்கள். அவர்களிடம் கேட்காமல் அலுவலகக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார்கள் என்று உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள்.

இந்த வாரத்து டைம்ஷீட்டை இன்னும் அனுப்பவில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மின்னஞ்சலை முதலில் அனுப்புங்கள், பதில் வந்தபின் டைம்ஷீட்டைத் திறங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.